பூஜையில் வைத்த பேட்ஜ்

இரும்புலியூர் ஜெயவேலு என்ன வேலை பார்க்கிறான் என்பது அவன் மாமியாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேமரா என்கிறான், ஃபிலிம் என்கிறான், இருட்டறையில் கழுவுகிறேன் என்கிறான். போட்டோ பிடிக்கிற மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். மகள் தையல்நாயகிக்கு வளைகாப்பு வைக்கப் பேச்செடுத்தபோது, "மாப்ளையே படம் புடிச்சிடுவாரு, ஸ்டுடியோக்காரன் எதுக்கு?" என்று அவளே முடிவும் கட்டிவிட்டாள். ஜெயவேலு விளக்கிப் பார்த்தான். "அது மனுசனப் புடிக்கிற கேமரா இல்ல அத்தே. இரும்பப் புடிக்கிறது." மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரும்பைப் படம் பிடித்து யார் வீட்டில் மாட்டுவார்கள் என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். அந்தப் படங்களை யாரும் வீட்டில் மாட்டுவதில்லை. பம்மலில் தேவானந்தம் என்பவர் ஒரு கம்பெனி வைத்திருந்தார். பாய்லர், பெரிய குழாய், எண்ணெய் டேங்க் இவற்றை வெல்டிங் செய்கிறவர்கள், ஒட்டிய இடத்துக்குள் ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க அவரைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் எலும்பைப் பார்ப்பதுபோல இரும்பை ஊடுருவிப் பார்க்கிற வேலை. அதற்கு ஒரு கனத்த பெட்டி இருந்தது. ஆட்கள் அதைத்தான் கேமரா என்பார்கள். அதற்குள்ளே ஒரு கம்பியின் நுனியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு உலோகம். அதன் பெயர் சோர்ஸ். தள்ளி நின்று கைப்பிடியைச் சுற்றினால், அது பெட்டியை விட்டுக் குழாய் வழியாக வெளியே போய் வெல்டிங்குக்குப் பக்கத்தில் நிற்கும். அதிலிருந்து கிளம்புகிற கதிர் இரும்பைத் தாண்டி அந்தப் பக்கம் ஒட்டியிருக்கிற ஃபிலிமில் விழும். பிறகு கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றி அதைப் பெட்டிக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். இரும்பையே தாண்டுகிற கதிர் மனிதனை என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனால் அது சுடாது, மணக்காது, சத்தம் போடாது.

அதனால்தான் சர்க்கார் பம்பாயில் ஒரு போர்டு வைத்திருந்தது. பெட்டி வாங்கவும் நகர்த்தவும் போர்டு அனுமதி வேண்டும். வேலை செய்கிற ஒவ்வொருவனும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். பேட்ஜுக்குள் ஒரு சின்ன ஃபிலிம் இருக்கும், உடம்பில் பட்ட கதிர் அதிலும் படும். அவ்வப்போது எல்லா பேட்ஜையும் பம்பாய்க்கு அனுப்பினால், யார்மேல் எவ்வளவு பட்டது என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். அளவு மீறினால் போர்டு ஆள் அனுப்பி விசாரிக்கும். விசாரணையில் நிஜம் என்று தெரிந்தால் அந்த ஆளுக்கு வைத்தியம், அந்த வேலைக்கு முழுக்கு, கம்பெனிப் பெட்டிக்கு சீல்.

கம்பெனியில் மற்றவர்கள் பேட்ஜைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வைப்பார்கள். சீனியர் துரைராஜ், "மாட்டிகினா மட்டும் கதிரு உள்ள பூராதா மச்சான்? அது சும்மா பாத்துகினு இருக்கறதுக்குத்தான்" என்பான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஜெயவேலு மட்டும் ஒருநாள் விடாமல் குத்திக்கொண்டான். பாதுகாப்புக்காக என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இரும்புலியூரில் இருந்த கழனியை அவன் அப்பா பிளாட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். கழனி போனபிறகு சர்க்கார் வேலை ஒன்றுதான் கௌரவம் என்று அந்தத் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். ஜெயவேலுவும் ரயில்வேக்கு எழுதினான், தபாலுக்கு எழுதினான். எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்த வேலையில், பம்பாயிலிருந்து தன் பேரும் நம்பரும் போட்டு ஒரு பேட்ஜ் வந்ததும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அதைக் குத்திக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனில் நடந்தால் டிக்கெட் பரிசோதகர்கூட ஒரு மாதிரி மரியாதையாகப் பார்ப்பதாக அவனுக்குத் தோன்றும். சட்டையைத் துவைக்கப் போடும்போது தையல்நாயகி அதைக் கழற்றி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பாள்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்மலுக்கு உள்ளே ஒரு பட்டறையில் வேலை. ஆட்கள் இல்லாத நாள் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை. துரைராஜ் கைப்பிடியைச் சுற்ற, ஜெயவேலு ஃபிலிம் ஒட்ட. ஒவ்வொரு தடவையும் சோர்ஸ் பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று மீட்டரைக் காட்டிப் பார்த்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். மீட்டரில் செல் தீர்ந்து பல நாளாகியிருந்தது. வாங்கிவிடலாம் என்று தேவானந்தமும் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கைப்பிடி முழுசாகச் சுற்றிவிட்டது, ஆகவே உள்ளே போயிருக்கும் என்று இருவரும் நினைத்தார்கள். போகவில்லை. கம்பியிலிருந்து கழன்று குழாயிலேயே நின்றுவிட்டது.

ஜெயவேலு குழாயைத் திருகிக் கழற்றினான். விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கம்பித்துண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட வேண்டும், நீளமான இடுக்கி கொண்டுவர வேண்டும், போர்டுக்குச் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது எல்லாமே தெரியும். ஆனால் தெரிந்தது மண்டைக்கு, குனிந்தது கை. கீழே விழுந்த சாவியை எடுப்பதுபோலக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்து அதை எடுத்து, பெட்டியின் துவாரத்தில் செருகி, உள்ளே தள்ளின. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்.

"தொட்ட?" என்று துரைராஜ் தூரத்திலிருந்து கத்தினான்.

"தொட்டேன்."

"சுட்டுச்சா?"

"இல்லண்ணா."

துரைராஜ் கிட்டே வந்து பெட்டியைப் பூட்டினான். பிறகு, "அப்ப ஒண்ணியும் ஆவாது, வுடு" என்றான். இருவரும் வெளியே போய் டீ குடித்தார்கள். ஜெயவேலு தம்ளரை எந்தக் கையில் பிடித்தான் என்பதுகூட அவனுக்கு நினைவிருந்தது. வலது கைதான். சூடு நன்றாகத் தெரிந்தது, அதனால் நிம்மதியாக இருந்தது. மறுநாள் துரைராஜ் முதலாளியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான். தேவானந்தம் அன்றைக்கே மீட்டருக்குச் செல் வாங்கிக் கொடுத்தார்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாளைக்கு முன்னால் விரல் நுனியெல்லாம் குறுகுறுத்து, சிவந்து, கொப்புளம் கட்டியது. ஃபிலிம் கழுவுகிற மருந்து பட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னான். தையல்நாயகி தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். அவளுக்கு அப்போது இரண்டு மாதம்.

பூஜை என்றால் பம்மலில் சும்மா இல்லை. பட்டறைக்குப் பட்டறை வாழைமரம், சீரியல் பல்பு, பூசணிக்காய். தேவானந்தமும் குறை வைக்கமாட்டார். நடுவில் கேமரா பெட்டி, அதற்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. சுற்றிலும் மீட்டர், இடுக்கி, ஸ்பேனர், ஸ்கூட்டர் சாவி. நமக்குச் சோறு போடுகிற எல்லாவற்றையும் கொண்டுவந்து வையுங்கள் என்றார் முதலாளி. ஜெயவேலு சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றினான். கட்டுப்போட்ட கையால் பெட்டியின் தலைமேல், மாலைக்கு நடுவில் வைத்தான். அதைப் பார்த்ததும் மற்ற ஐந்து பேரும் சாப்பாட்டுப் பையைத் துழாவி அவரவர் பேட்ஜை எடுத்துவந்து பக்கத்தில் வரிசையாக வைத்தார்கள். துரைராஜ் ஆறு பேட்ஜுக்கும் பொட்டு வைத்தான்.

பெட்டி மூடியிருந்தாலும் கொஞ்சம் கதிர் கசிந்துகொண்டேதான் இருக்கும், பேட்ஜை அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது என்பது அங்கே தரை பெருக்குகிறவருக்கும் தெரியும். சுவரில் எழுதியே மாட்டியிருந்தது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்த பிறகுதானே தொடலாம். மறுநாள் விஜயதசமி, காந்தி ஜெயந்தி இரண்டும் ஒரே நாளில் வந்ததால் கம்பெனி லீவு, பிறகு இரண்டு நாள் சேர்த்து லீவு விட்டார் முதலாளி. இத்தனை நாளும் பேட்ஜுகள் ஆறும் பெட்டிமேலேயே பக்தியோடு கிடந்தன.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. ஆறு பேருக்கும் அளவு மீறியிருக்கிறது. ஆறு பேரையும் உடனே வேலையிலிருந்து நிறுத்தவும். விசாரணைக்கு அதிகாரி வருகிறார்.

கம்பெனியே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. யாருக்கும் காரணம் புரியவில்லை. தேவானந்தம்தான் முதலில் தலையில் அடித்துக்கொண்டு, "பூஜைடா, பூஜை!" என்றார். புரிந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது. ஐந்து பேர் சிரித்தார்கள். பிறகு முதலாளி ஜெயவேலுவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"உன் பேட்ஜும் பெட்டி மேலதான இருந்துது?"

"இருந்துது சார்."

"அதத்தான் சொல்லப் போற. உன்ன பொய் சொல்லச் சொல்லல. ஒருத்தன் பேருக்கு நிஜம்னு எழுதிட்டாங்கன்னா பெட்டிக்கு சீல் வெச்சிடுவாங்க. அப்பறம் ஆறு வூட்டுலயும் அடுப்பு எரியாது. கை இப்ப எப்டிகீது?"

"ஆறிடுச்சு சார்." நிஜமாகவே ஆறியிருந்தது. கொப்புளம் வற்றி, தோல் உரிந்து, புதுத் தோல் குழந்தை கன்னம் மாதிரி வந்திருந்தது. தொட்டால் மட்டும் அது தன் தோல் மாதிரி இல்லை.

வந்த அதிகாரியின் பெயர் ஸ்ரீரங்கன். சிட்லபாக்கத்தில் வீடு, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர். சர்க்கார் ஆள் என்றதும் நீங்கள் நினைக்கிற மாதிரி ஆள் இல்லை. கம்பெனி காபியைத் தொடவில்லை. மோர்கூட வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீரும் தயிர்சாதமும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். ஆறு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். யாரும் யாரையும் கேட்டுப் பதில் சொல்லாதபடி மற்றவர்களை வாசலில் உட்காரவைத்தார். தன் மீட்டரைப் பெட்டிமேல் வைத்துக் கணக்குப் போட்டார். பூஜையில் கிடந்த நாட்களைப் பெருக்கினால் பம்பாய் சொன்ன அளவு ஏறக்குறைய அப்படியே வந்தது. கணக்கு சரியாக வந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. அப்படிப்பட்ட மனிதர்.

ஜெயவேலுவைக் கடைசியாகக் கூப்பிட்டார்.

"உன்னோடது மட்டும் மத்தவாளைவிட ஜாஸ்தி இருக்கே?"

"நான்தான் சார் மொதல்ல வெச்சேன். நட்ட நடுவுல, பெட்டிய ஒட்டினாப்ல."

"அது சரி. இன்னொண்ணு பாரு. ஒரே இடத்துல அசையாம கிடந்த பேட்ஜ்னா உள்ளே இருக்கற தகட்டோட நிழல் ஃபிலிம்ல கோடு போட்ட மாதிரி தெளிவா விழும். மத்த அஞ்சும் அப்படித்தான் இருக்கு. உன்னோடது கொஞ்சம் கலங்கலா இருக்குன்னு பம்பாய்ல சொல்றா. ஆள் மாட்டிண்டு நடமாடினாதான் அப்படி வரும். எங்கேயாவது வேலைல ஏதாவது ஆச்சா? பயப்படாம சொல்லு."

இதைவிட நன்றாக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. சர்க்கார் தன் வேலையைச் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய ஆளிடம், கேட்க வேண்டிய விதத்தில் கேட்டது.

"கற்பூரம் காட்டும்போது மால சரிஞ்சிது சார். எடுத்து எடுத்து வெச்சோம்" என்றான் ஜெயவேலு. இந்தப் பதிலை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. அது தானாகவே வாயில் வந்து நின்றது.

"கையைக் காட்டு."

நீட்டினான். ஸ்ரீரங்கன் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஃபிலிம் கழுவுகிற மருந்தில் ஊறி ஊறி ஆறு பேர் விரலுமே பழுப்பேறி, தோல் உரிந்துதான் இருக்கும். இதற்கு முன்னால் ஐந்து ஜோடி அப்படிப்பட்ட கைகளைப் பார்த்திருந்தார். இருந்தும் ஜெயவேலுவின் வலது கையைச் சற்று அதிக நேரம் வைத்திருந்தார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அந்தக் கையைப் பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் காட்டுவார்கள். கம்பெனியை மூடுவார்கள். வாசலில் துரைராஜ் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிழைத்துவிட்டோம் என்ற சிரிப்பு அது. அவர் தன் விரலைப் பிடித்திருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் ஜெயவேலுவால் உணர முடிந்தது.

"கிளவுஸ் போட்டுக்கோப்பா. எல்லாருக்கும் சொல்றேன், யாரும் கேக்கறதில்லை" என்று கையை விட்டார்.

பிறகு வெளியே வந்து எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டினார். திட்டும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்லைய்யா. கதிர் வர்ற பெட்டிக்குப் பொட்டு, பேட்ஜுக்கு மாலை! யாருய்யா ஐடியா குடுத்தது?" எல்லோரும் ஜெயவேலுவைக் காட்டினார்கள். அவனும் சிரித்தான். ஆறும் நிஜமான அளவு இல்லை, பேட்ஜில் மட்டும் பட்டது என்று பம்பாய்க்கு எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரமே வேலை ஆரம்பித்தது.

அதற்குப்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வருவார். வந்ததும், "என்னப்பா, இந்த வருஷமும் மாலையா?" என்பார். ஜெயவேலு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிப்பான். தன் ஏரியாவில் இருக்கிற எல்லாக் கம்பெனிக்கும் ஆயுத பூஜைக்கு முன்னால் தானே ஒரு எச்சரிக்கை டைப் அடித்து அனுப்பினார், பேட்ஜைப் பூஜையில் வைக்காதீர்கள் என்று. எந்தக் கம்பெனியும் அதற்கப்புறம் வைக்கவில்லை. அந்த மட்டில் அவர் விசாரணைக்குப் பலன் இருந்தது.

ஜெயவேலுவின் மகள் வெயில் காலத்தில் பிறந்தாள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தபோது வலது கையால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டான். ஒன்றும் தெரியவில்லை. துணியைத் தொட்டதா, கன்னத்தைத் தொட்டதா, காற்றைத் தொட்டதா, எதுவும் தெரியவில்லை. இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மெத்தென்று இருக்கிறது என்று தெரிந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அழுகை வரும் என்று நினைத்தான். அதுவும் வரவில்லை.

விரல் மரத்துப்போனது வீட்டுக்குத் தெரியவந்தது பிறகுதான். ஒருநாள் சமையலறையில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. தையல்நாயகி திரும்பிப் பார்த்தால், ஜெயவேலு காய்ந்த தோசைக்கல்லின் விளிம்பைப் பிடித்தபடி அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. பிறகு மார்கழிக்கு மார்கழி நுனி வெடித்துப் புண்ணாகும், சித்திரையில் மூடும். ஒரு மார்கழியில் வந்த புண் ஆடி வந்தும் மூடவில்லை. நகம் விழுந்தது. ஆள்காட்டி விரல் கறுத்தது. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில், எதைத் தொட்டாய் என்று டாக்டர் கேட்டார். ஃபிலிம் கழுவுகிற மருந்து என்றான். சர்க்கரை இருக்கிறதா, பீடி உண்டா, குஷ்டமா என்றெல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படாமல் ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவையும், பிறகு நடுவிரலில் ஒரு கணுவையும் எடுத்தார்கள்.

தேவானந்தம் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து வெகுநேரம் பெரியாஸ்பத்திரியின் சுத்தக் குறைவைப் பற்றிப் பேசினார். போகும்போது, "பழசெல்லாம் இப்ப எதுக்கு, இல்ல?" என்றார். "ஆமா சார்" என்றான் ஜெயவேலு. தையல்நாயகி அந்த ஆப்பிளை அறுக்கவே இல்லை. அவளிடம் துரைராஜின் பெண்சாதி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு அவள் கேட்டாள். "அந்த ஆபீசர் அவ்ளோ கேட்டாரே, ஏன்யா சொல்லாம வுட்ட?"

அவன் யோசித்தான். பயம் என்று சொல்லலாம். ஆறு குடும்பம் என்று சொல்லலாம். அதெல்லாம் நிஜம்தான். "எல்லாரும் சிரிச்சிகினு இருந்தாங்கடி. நான் எப்டி சொல்றது?" என்றான்.

தையல்நாயகி குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு, வெள்ளித் தகட்டில் ஒரு சின்னக் கை வாங்கி உண்டியலில் போட்டாள். கடைக்காரரிடம் அந்த அச்சு ஒன்றுதான் இருந்தது. அதில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

தொண்ணூற்றொன்றில் ஜெயவேலு கம்பெனியிலிருந்து நின்றுகொண்டான். பேட்ஜைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தான். மைத்துனன் இரும்புலியூரில் நாற்காலி, பாத்திரம், ஷாமியானா வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தான். அதில் சேர்ந்துகொண்டான். கல்யாண மண்டபங்களில் நாற்காலிகளை இறக்குவது, முடிந்ததும் அடுக்கி வண்டியில் ஏற்றுவது. வலது கை உள்ளங்கையும் சுண்டுவிரலும் மோதிர விரலும் அதற்குப் போதும். எதற்கும் கோபப்படாத ஆள் என்று மைத்துனன் மெச்சிக்கொள்வான். கோபம் வரவேண்டும் என்று ஜெயவேலு சில நாள் காத்திருந்தும் பார்த்ததுண்டு. வந்த பாடில்லை.

தொண்ணூற்றாறு தை மாதம் குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்துக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முகூர்த்தம் முடிந்து இரண்டாம் பந்தி நடக்கும்போது, காலியான வரிசைகளை அடுக்கலாம் என்று ஜெயவேலு உள்ளே போனான். பட்டு வேஷ்டியும் மஞ்சள் தெளித்த துண்டுமாகப் பெண்ணின் அப்பா ஒரு கூட்டத்தின் நடுவே நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஸ்ரீரங்கன்.

அவர்தான் முதலில் பார்த்தார். "அட, நம்ம ஜெயவேலு! நீயே வந்துட்டியா? வா வா" என்று தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார். சுற்றியிருந்தவர்கள் அவர் ஆபீஸ்காரர்கள், சிலர் பம்பாயிலிருந்தே வந்தவர்கள். "உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பேட்ஜுக்குப் பூஜை போட்ட கதை? அதோட ஹீரோ இவர்தான்!"

அவர்கள் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. தெரிந்தும் இன்னொருமுறை சொன்னார். நன்றாகவே சொன்னார். தந்தி வந்தது, பொட்டு வைத்தது, மாலை போட்டது, தான் கணக்குப் போட்டது, எல்லாவற்றுக்கும் அந்தந்த இடத்தில் சிரித்தார்கள். ஜெயவேலு வலது கையைத் தோள் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீயே சொல்லுப்பா. பெட்டி மேல மொதல்ல வெச்சது யாரு?"

"நான்தான் சார்."

சிரிப்பு மண்டபத்துக் கூரையை முட்டியது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கல்யாண வீட்டுச் சிரிப்புதான். "இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீரங்கன் பக்கத்திலிருந்த தட்டிலிருந்து ஒரு தாம்பூலப் பையை எடுத்து நீட்டினார். மஞ்சள் துணிப்பை, உள்ளே தேங்காய். நல்ல காரியத்தில் தாம்பூலத்தை இடது கையால் வாங்க முடியாது. ஜெயவேலு துண்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினான்.

பம்பாய்க்காரர்களில் ஒருவர் டாக்டர் போலிருக்கிறது. சிரிப்பு முதலில் அவரிடம்தான் நின்றது. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஸ்ரீரங்கன் பையை விடவில்லை. பையின் ஒரு பக்கம் அவர் கையிலும் மறுபக்கம் அந்தக் கையிலுமாக இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் பிடித்த அதே கைதான்.

"என்னப்பா... கைக்கு என்ன ஆச்சு?"

இதற்கு அவனிடம் பழகின பதில்கள் நிறைய இருந்தன. மருந்து பட்டது, கதவில் நசுங்கியது, சர்க்கரை. ஊரில் யார் கேட்டாலும் அதில் ஒன்றை எடுத்துக் கொடுப்பான். ஆனால் இவர் முன்னாலேயே ஒருதரம் இதைக் கேட்டவர். இப்போது யாரும் சிரிக்கவுமில்லை.

"பூஜைக்கு ரெண்டு வாரம் முன்னாடி சார். பம்மல்ல ஒரு வேலைல சோர்ஸு கழண்டு வுழுந்துது. கைல எடுத்து உள்ள வெச்சேன்."

நாதஸ்வரக்காரர் ஏதோ மங்களமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கனின் உதடு அசைந்தது. "கலங்கலா இருந்ததே..." என்றார், தனக்குத்தானே சொல்கிறமாதிரி. பிறகு, "நான் கேட்டேனே!" என்றார்.

"கேட்டீங்க சார்" என்றான் ஜெயவேலு. "நீங்க நல்லாத்தான் கேட்டீங்க."

அவர் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு அவனுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது என்றால் அது அந்தப் பரிதாபம்தான், அதுவும் தன்மேல் இல்லை. மேடையிலிருந்து, "அப்பா, போட்டோ!" என்று பெண் கூப்பிட்டாள். ஸ்ரீரங்கன் திரும்பிப் பார்த்தார், மறுபடி ஜெயவேலுவைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தட்டிலிருந்து இன்னொரு தாம்பூலப் பையை எடுத்து அவன் கையில் முதல் பையோடு சேர்த்து மாட்டினார். பிறகு போட்டோவுக்குப் போனார்.

ஜெயவேலு சாப்பிடவில்லை. நாற்காலிகளை அடுக்கி, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து இரும்புலியூருக்கு வந்தான். பஸ்ஸில் பைகளை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். வலது கையில் இருந்தால் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று குனிந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

தையல்நாயகி பைகளை வாங்கிப் பார்த்தாள். "யார் வூட்டுக் கல்யாணம்?"

"ஸ்ரீரங்கன் சார் பொண்ணுக்கு."

அவள் பைகளைக் கீழே வைத்தாள். "சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா செஞ்சாரு?"

"இன்னொரு பை குடுத்தாரு."

அவள் இரண்டு தேங்காயையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். இரண்டிலும் தண்ணீர் இருந்தது. ஒன்றை உடைத்து அன்றைக்கு அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தாள். மற்றதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், முன்பு பேட்ஜ் இருந்த இடத்தில் வைத்தாள்.